பிறந்த தேதி கேட்க எதற்கு ஒரு சக்கரம்?

அந்தச் சக்கரத்தை வரைந்தது நான்தான். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள்: வெளியே வருடம், நடுவில் மாதம், உள்ளே தேதி. விரலால் சுற்றினால் சுற்றும், ஒவ்வொரு எண்ணைத் தாண்டும்போதும் கைக்குள் லேசாக ஒரு அதிர்வு வரும், நின்ற எண் மட்டும் பெரிதாகித் தெரியும். மருத்துவப் பரிசோதனைக்கு முன்பதிவு செய்யும் ஆப் அது. அதில் பிறந்த தேதி கேட்கும் ஒரே ஒரு இடத்துக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தேன். அலுவலகத்தில் காட்டியபோது எல்லோரும் போனைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், நானும் நம்பினேன். பார்க்க உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

வெளியிடுவதற்கு முன் பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். நான்காவதாக வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. பெயரை டைப் செய்தார், போன் நம்பரை டைப் செய்தார், தடங்கலே இல்லை. பிறந்த தேதிக்கு வந்ததும் கை நின்றது. இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு வலது ஆள்காட்டி விரலால் வெளி வளையத்தைத் தள்ளினார். அது நடப்பு வருடத்தில் தொடங்கி ஓடி 1990-களில் நின்றது. மறுபடி தள்ளினார், 1968. இன்னொரு தள்ளு, 1951. பின்னால் இழுத்தார், 1963. விரலை மெதுவாக நகர்த்தினார், விரல் வளையத்தின் ஓரத்தில் பட்டு நடு வளையம் திரும்பி மாதம் மாறிவிட்டது. சரியாகச் சொன்னால் அவர் பிறந்த வருடம் 1957. கடைசியில் சக்கரம் நின்றது 1958-ல்.

"நிக்க மாட்டேங்குது தம்பி. ஒரு வருஷம்தானே, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பட்டனை அழுத்திவிட்டார்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. தன் பிறந்த வருடத்தைத் தப்பாகவே இருக்கட்டும் என்று ஒருவர் விட்டுக்கொடுக்கிறார், அதுவும் மருத்துவ ஆவணத்தில், அதுவும் நான் செய்த ஒரு வளையம் நிற்காததால். பழைய பரிசோதனை முடிவுகளோடு ஓர் ஆளைச் சேர்த்துப் பார்ப்பதற்குப் பெயருக்கு அடுத்தபடியாக நம்பியிருப்பதே பிறந்த தேதியைத்தான். அது ஒரு வருடம் மாறினால் கணினிக்கு அவர் வேறு ஆள்.

அன்று சாயங்காலமே சக்கரத்தை எடுத்துவிட்டு மூன்று கட்டங்கள் வைத்தேன். நாள், மாதம், வருடம். கட்டத்தைத் தொட்டால் எண்கள் மட்டும் உள்ள கீபோர்ட் வரும். அவ்வளவுதான். அடுத்த நாள் வந்தவர்கள் எல்லோரும் சில நொடிகளில் நிரப்பிவிட்டுப் போனார்கள். யாரும் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிற்பாடு தேடிப் படித்தபோது, பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளுக்கான வடிவமைப்பு விதிகளிலும் இதையே எழுதி வைத்திருப்பதைப் பார்த்தேன். பிறந்த தேதி மாதிரி ஒருவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த தேதியைக் கேட்கும்போது மூன்று தனித்தனிக் கட்டங்கள் போதும் என்கிறது. காலண்டர் எப்போது வேண்டும்? அடுத்த வாரம் எந்த நாள் வருகிறீர்கள் என்று கேட்கும்போது வேண்டும். அங்கே அவர் தேர்ந்தெடுக்கிறார், செவ்வாய்க்கிழமையா வியாழக்கிழமையா என்று பார்த்து முடிவு செய்கிறார். பிறந்த தேதியில் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. தெரிந்த பதிலைச் சொல்ல வந்தவரிடம் நான் ஒரு தேடல் வேலையைக் கொடுத்திருந்தேன்.

இப்போது யோசித்தால், என்னை அந்தச் சக்கரத்தின் பக்கம் தள்ளியது எது என்று தெளிவாகத் தெரிகிறது. சலிப்பு. மூன்று கட்டங்களை நான் அதற்கு முன் நூறு முறையாவது வரைந்திருப்பேன். நாள் முழுக்க, வருடக்கணக்கில், அதே கட்டம், அதே பட்டன், அதே பட்டியல். என் கண்ணுக்கு அது செத்துப்போயிருந்தது. ஆனால் அந்த அம்மா அதைப் பார்ப்பது வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் நாலு நொடி, மனசு முழுக்க நாளைக்கு எடுக்கப்போகிற ரத்தப் பரிசோதனையில் இருக்கும்போது. எனக்குச் சலித்துப்போனது அவருக்குச் சலிக்கவே இல்லை. செய்கிறவரும் பயன்படுத்துகிறவரும் ஒரே பொருளைப் பார்த்தாலும் பார்க்கும் நேரம் ஒன்றில்லை. இந்த வேலையில் நடக்கும் தேவையில்லாத புதுமைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று கட்டங்களை யாரிடமும் காட்ட முடியாது. கூட்டத்தில் போட்டுக் காட்டினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சக்கரத்தைக் காட்டலாம். நாம் செய்யும் வேலைக்கு அடையாளம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது, ஆனால் அந்த ஆசைக்கான விலையை எங்கோ ஒருவர் தன் ஆள்காட்டி விரலால் கொடுக்கக்கூடாது.

சரி, சாதாரணமான பொருள் என்று நாம் நினைப்பதற்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். டிராப்டவுனையே எடுத்துக்கொள்கிறேன், அதாவது தொட்டால் கீழே பட்டியல் விரியும் அந்தப் பெட்டி. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில், 1995-ல் வந்த 2.0 பதிப்பிலேயே அது இருக்கிறது. பார்க்க அழகில்லை, நிறத்தை மாற்றுவது கடினம், ஒவ்வொரு பிரௌசரிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். அதனால் புதிதாகச் சேரும் எந்த டிசைனரும் முதலில் கைவைப்பது இதில்தான், நானும் வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டு வெறும் பெட்டிகளை அடுக்கி, நிழல் கொடுத்து, ஓரத்தை வளைத்து நாமே ஒன்று செய்வோம். மவுஸால் கிளிக் செய்தால் விரியும், மறுபடி கிளிக் செய்தால் மூடும். முடிந்தது என்று நினைப்போம்.

முடியவில்லை. பழைய டிராப்டவுனில் டேப் கீயை அழுத்தி மவுஸைத் தொடாமலே வந்து நிற்கலாம். மேல் கீழ் அம்புக்குறியால் நகரலாம். ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் இடத்துக்குத் தாவும், நாடுகளின் பட்டியல் மாதிரி நீளமான ஒன்றில் இது எவ்வளவு பெரிய உதவி என்று நாள் முழுக்கத் தகவல் பதிவு செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். எஸ்கேப் அழுத்தினால் எதுவும் மாறாமல் மூடும். திரையின் அடிப்பகுதியில் இருந்தால் பட்டியல் மேல்நோக்கி விரியும். போனில் திறந்தால், அந்தப் போனுக்கே உரிய பெரிய எழுத்துப் பட்டியலாக மாறிக்கொள்ளும். ஒருவர் கண் பார்வைக்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் கூடவே பெரிதாகும். சேமித்து வைத்த முகவரியை பிரௌசர் தானே நிரப்பும்போது இதையும் நிரப்பிவிடும். இவற்றில் ஒன்றைக்கூட யாரும் நம்மிடம் கேட்டு வாங்கியதில்லை. கேட்காமலே இருந்ததால்தான் இருப்பதே நமக்குத் தெரியவில்லை.

பார்வையற்ற நண்பர் ஒருவர் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரோடு எங்கள் பக்கத்தைப் பயன்படுத்துவதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய டிராப்டவுனில் வந்து நின்றதும், இது என்ன, இப்போது எது தேர்வாகியிருக்கிறது, பட்டியலில் எத்தனையாவது என்று குரல் சொன்னது. அதே பக்கத்தில் நாங்களே செய்திருந்த அழகான பெட்டிக்கு முன் டேப் கீ நிற்கவே இல்லை, நேராகத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. அவரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே பக்கத்தில் கிடையாது. கடைசியில் சமர்ப்பிக்கும்போது, ஒரு கட்டத்தை நிரப்பவில்லை என்று பிழை வந்தது. எந்தக் கட்டம் என்று அவர் மூன்று முறை மேலிருந்து கீழே தேடினார். நான்காவது முறை தேடப் போனபோது நான் காரணத்தைச் சொன்னேன், எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் நாமே எழுதிச் சேர்க்கலாமே என்றால், சேர்க்கலாம்தான். நல்ல குழுக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்திருக்கின்றன. ஆனால் எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்ற பட்டியல் நம் கையில் முழுதாக இருக்காது. ஆகிவந்த பொருள் ஒன்றை உடைத்துப் புதிதாகச் செய்யும்போது உள்ள ஆபத்தே அதுதான். எதை இழந்தோம் என்பது இழந்த பிறகு, வேறு யாரோ தடுமாறும்போதுதான் தெரிகிறது.

திரையை விடுங்கள், மாடிப்படியைப் பாருங்கள். படி ஏறும்போது நாம் காலைப் பார்த்து ஏறுவதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளில் கண்ணும் காலும் உயரத்தை அளந்துகொள்கின்றன, அதற்குப் பிறகு கால் தானாகப் போகிறது. பாதம் படியின் விளிம்பைத் தாண்டும்போது நடுவே இருக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம், உடல் தேவைக்கு மேல் காலைத் தூக்குவதே இல்லை. அதனால் நடுவில் ஒரு படி மட்டும் சற்று உயரமாக இருந்தால் கால் இடிக்கும். நியூயார்க்கில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் இப்படி ஒரு படி இருந்தது. 2012-ல் ஒருவர் அங்கே கேமராவை வைத்துப் படம் எடுத்து வெளியிட்டார். இளைஞர்கள், வயதானவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர் என்று ஆள் மாற்றி ஆள் அதே படியில் தடுக்கி, சுதாரித்து, திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொருவரும் தன் கால்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். படம் பரவிய பிறகு அந்தப் படியைச் சரிசெய்தார்கள்.

அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் கட்டட விதித் தொகுப்பு ஒன்றில், ஒரே வரிசையில் உள்ள படிகளில் மிக உயரமானதற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் 9.5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளாண்டெல் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார்: படியின் உயரத்தை இரண்டு மடங்காக்கி அகலத்தோடு கூட்டினால் மனிதனின் ஓர் எட்டு நீளம் வர வேண்டும். இன்றைக்கும் கட்டுகிறவர்கள் கிட்டத்தட்ட 60-லிருந்து 65 சென்டிமீட்டருக்குள் வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். 17 செ.மீ. உயரம், 29 செ.மீ. அகலம் என்றால் 63. இந்தக் கணக்கை யாரும் கண்டுபிடித்துத் திணிக்கவில்லை, நம் இடுப்புக்கும் முழங்காலுக்கும் உள்ள நீளம்தான் அதற்குள் இருக்கிறது. மனிதர்களின் கால் நீளம் மாறாதவரை, படியில் புதுமை செய்ய என்ன இருக்கிறது? கைப்பிடியை அழகாக்கலாம், கல்லை மாற்றலாம், வெளிச்சம் போடலாம். உயரத்தை மட்டும் நோண்டக்கூடாது.

நோண்டினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு மறக்கவே முடியாத உதாரணம் ஒரு கியர் குச்சி. ஆட்டோமேட்டிக் கார்களில் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று வரிசையாக இருக்கும், குச்சியை எங்கே தள்ளுகிறோமோ அங்கே நிற்கும். கையை வைத்தாலே எந்த கியரில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும், கண் வேண்டாம். ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் சில மாடல்களில் இதை மாற்றியது. குச்சியை முன்னாலோ பின்னாலோ தள்ளினால் கியர் மாறும், ஆனால் கையை எடுத்ததும் குச்சி மறுபடி நடுவுக்கே வந்துவிடும். பார்க்கில் இருந்தாலும் நடுவில்தான் நிற்கும், ரிவர்ஸில் இருந்தாலும் நடுவில்தான் நிற்கும். எந்த கியர் என்பதைச் சொல்ல ஒரு சின்ன எழுத்து எரியும். மக்கள் பார்க்கில் போட்டுவிட்டதாக நினைத்துக் கதவைத் திறந்து இறங்கினார்கள், வண்டி நகர்ந்தது. காயங்கள், விபத்துகள். 2016 ஏப்ரலில் அந்த நிறுவனம் உலகம் முழுக்க ஏறத்தாழ 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கதவு திறந்தால் வண்டி தானாகவே பார்க்குக்குப் போகும்படி மென்பொருளை மாற்றிக் கொடுத்தார்கள். அதே வரிசையின் பிந்தைய மாடல்களில் குச்சி பழையபடி உணரும்படியே திரும்பி வந்துவிட்டது.

அந்தக் குச்சியை வரைந்தவர்கள் திறமையானவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கியர்ப்பெட்டிக்கும் குச்சிக்கும் நடுவே இருந்த கம்பி போய் மின்சார இணைப்பு வந்த பிறகு, குச்சி ஒரே இடத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் எந்திரத்துக்கு இல்லை. ஆனால் ஓட்டுகிறவரின் கைக்கு அந்தத் தேவை இருந்தது. எந்திரத்துக்காக வந்த ஒரு வடிவம் வருடங்கள் போகப் போக மனிதருக்கான தகவலாக மாறியிருக்கிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு பழைய பாகத்தை எடுக்கலாமா என்று கேட்கும்போது, அது இப்போது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். எதற்காக முதலில் வைத்தார்கள் என்பது மட்டும் போதாது. இதை நான் பிடித்துக்கொள்ள ரொம்ப நாளானது.

கப்பலிலும் இதேதான். 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெயின் என்ற போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். பயிற்சிக் குறைவு உட்படக் காரணங்கள் பல. அதில் ஒன்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக வைத்திருந்த தொடுதிரை. இரண்டு புரொப்பெல்லரையும் சேர்த்துக் குறைப்பதாக நினைத்து ஒன்றை மட்டும் குறைத்திருக்கிறார்கள், கப்பல் ஒரு பக்கம் திரும்பிவிட்டது. கையில் இரண்டு நெம்புகோல் இருந்திருந்தால் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நிற்பது இருட்டிலேயே தெரிந்திருக்கும். 2019-ல் கடற்படை பழைய மாதிரி நெம்புகோலுக்கே திரும்புவதாக அறிவித்தது. கார்களிலும் இப்போது காற்று திரும்பி வீசுகிறது. ஐரோப்பாவில் புதுக் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்காப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்றவற்றுக்குத் தொட்டு உணரக்கூடிய தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றனவா என்பதையும் மதிப்பீட்டில் பார்க்கிறது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எதையும் மாற்றவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அப்படி நான் சொல்லவில்லை, இந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம். போனில் எண்களை அழுத்தும் அந்தப் பலகையைப் பாருங்கள். 1, 2, 3 மேலே, 0 கீழே. அது தானாக வந்ததில்லை. சுற்றும் டயலுக்குப் பதிலாக பட்டன் வைக்க முடிவானபோது பெல் ஆய்வகத்தினர் பதினைந்துக்கும் மேற்பட்ட அமைப்புகளைச் செய்து ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள்: இரண்டு வரிசை, வட்டம், சாய்கோடு, கால்குலேட்டர் மாதிரி தலைகீழ், இப்படிப் பல. எவ்வளவு வேகம், எத்தனை தப்பு, எது பிடித்திருக்கிறது என்று அளந்து 1960-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1963-ல் பட்டன் போன் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு அறுபது வருடங்களாக யாரும் அதைத் தொடவில்லை. நட்சத்திரக் குறியும் ஹேஷ் குறியும் மட்டும் பிறகு சேர்ந்தன. இன்று உங்கள் கையில் இருப்பது வெறும் கண்ணாடி, எண்களை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம், எந்த எந்திரத் தடையும் இல்லை. ஆனாலும் அதே 1, 2, 3 மேலேதான். புதுமை தேவைப்பட்ட நேரத்தில் ஒரு முறை முழு மனதோடு செய்தார்கள், அப்புறம் கையை எடுத்துவிட்டார்கள். கையை எடுத்ததையும் அந்த வடிவமைப்பின் ஒரு பகுதியாகத்தான் நான் பார்க்கிறேன்.

காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் அந்தச் சின்னக் கம்பி கிளிப்பும் அப்படித்தான். நாம் எல்லோரும் பயன்படுத்தும் வடிவத்துக்கு ஜெம் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது, அதை வளைக்கும் எந்திரத்துக்கு 1899-ல் வில்லியம் மிடில்புரூக் என்பவர் காப்புரிமை வாங்கினார். அதற்குக் குறைகள் உண்டு: வழுக்கும், கம்பி முனை காகிதத்தைக் கிழிக்கும், கட்டு தடிமனானால் பிடிக்காது. இந்தக் குறைகளைத் தீர்க்கிறேன் என்று எத்தனையோ பேர் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இறுக்கிப் பிடிக்கும்படி செய்தால் மாட்டுவது கஷ்டமாகிறது, கிழிக்காமல் இருக்க முனையை மடக்கினால் கட்டு உப்புகிறது. ஒரு குறையைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று வெளியே வருகிறது. இப்படி எல்லாப் பக்கமும் சமமாக இழுபட்டு நிற்கும் வடிவத்தைப் பார்த்தால் நான் இப்போது ஒதுங்கிவிடுகிறேன்.

அதே நேரம், எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காக ஒன்று ஆகிவந்த வடிவமாகிவிடாது. இதில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்வது பல அலுவலகங்களில் வழக்கமாக இருந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? பழைய சொல்லின் கடைசியில் 1 என்பதை 2 ஆக்கினார்கள், மறந்துபோகாமல் இருக்க ஒரு காகிதத்தில் எழுதித் திரையில் ஒட்டினார்கள். 2017-ல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி, காரணமில்லாமல் அவ்வப்போது மாற்றச் சொல்ல வேண்டாம் என்று தன் வழிகாட்டுதலில் எழுதியது. அது வழக்கம்தான், ஆனால் பயன்படுத்துகிறவரின் கையில் தேய்ந்து வடிவம் பெற்ற வழக்கம் இல்லை, மேலிருந்து வந்த உத்தரவு. உருண்டைக் கதவுக் குமிழும் இப்படிப் பார்க்க வேண்டியதுதான். விரல் மூட்டு வலி உள்ளவரால் அதை இறுக்கிப் பிடித்துத் திருக முடியாது, இரண்டு கையிலும் சாமான் இருந்தால் யாராலுமே முடியாது. கனடாவின் வான்கூவர் நகரம் 2014 முதல் புதுக் கட்டடங்களில் குமிழ் கூடாது, நெம்புகைப்பிடிதான் என்று விதித்தது. முழங்கையால் அழுத்தினாலே திறக்கும். கவனித்தீர்களா, அங்கேகூட யாரும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. பல காலமாக இருந்த இன்னொரு எளிய வடிவத்தை எடுத்து வைத்தார்கள்.

அதனால் இப்போதெல்லாம் எதையாவது மாற்றத் தோன்றினால், வரைவதற்கு முன் ஒரு வரி எழுதிக்கொள்கிறேன்: இப்போது இருப்பதில் யாருக்கு என்ன கஷ்டம்? அந்த வரியில் 'யாருக்கு' என்பதற்கு நேரே நான் பார்த்த ஒரு மனிதர் இருக்க வேண்டும். மூட்டு வலி உள்ளவரால் திருக முடியவில்லை என்று எழுத முடிந்தால் மாற்றுவேன். 'பழசாகத் தெரிகிறது', 'மற்ற ஆப்களைப் போலவே இருக்கிறது' என்று எழுத வந்தால் அது என் கஷ்டம், அவருடையதில்லை, பேனாவை மூடிவிடுவேன். மற்ற ஆப்களைப் போலவே இருப்பது அவருக்கு வசதி. வேறு எங்கோ கற்றுக்கொண்டதை இங்கே இலவசமாகப் பயன்படுத்திக்கொள்கிறார்.

போன மாதம் இதே மாதிரி இன்னொரு படிவம் செய்தோம். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் வழக்கமானதாகவே இருக்கிறதே, புதிதாக ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், நியாயமான கேள்வியும்கூட, காசு கொடுக்கிறவர் அவர். நான் சக்கரத்தின் கதையைச் சொன்னேன், 1957-ஐயும் 1958-ஐயும் சொன்னேன். அப்புறம், கட்டங்களை மறுபடி கண்டுபிடிக்காததால் மிச்சமான நாட்களை எங்கே செலவழித்தோம் என்று காட்டினேன். பழைய படிவத்தில் எதைத் தப்பாக நிரப்பினாலும் 'தவறான உள்ளீடு' என்று சிவப்பாக ஒரு வரி வரும். பத்துப் பேரில் ஏழு பேர் அங்கேதான் விழித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு தப்புக்கும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதினோம், எழுதியதைப் படித்துக் காட்டி, புரியாததைத் திருத்தினோம்.

அவர் தேதிக் கட்டத்தில் வேண்டுமென்றே 31 என்றும் மாதத்தில் 6 என்றும் போட்டு அழுத்திப் பார்த்தார். கட்டத்துக்குக் கீழேயே வந்தது: 'ஜூன் மாதத்தில் 30 நாட்கள்தான். நாள் சரியா என்று ஒரு முறை பாருங்கள்.' இரண்டாவது முறை வேறொரு தப்பைப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது முறை தன் உண்மையான பிறந்த தேதியைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார், கட்டங்களைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.